பாலம் கட்டக் கடன் கிடைக்கும்... பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்குமா?

அந்தப் படம் உங்க டைம்லைன்லயும் வந்திருக்கும். நடுவில் அறுந்துபோன ஒரு பாலம். உடைந்த விளிம்பில், இப்போ விழுமோ அப்புறம் விழுமோ என்று தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு டேங்கர் லாரி. குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மேல் இருந்த கம்பீரா பாலம் அது. 2025 ஜூலை 9-ம் தேதி காலையில் உடைந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த லாரியை அங்கிருந்து எடுக்கவே கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது.

பாலம் திறக்கப்பட்டது 1985-ல். அதாவது 40 வயது. ஒரு கான்கிரீட் பாலத்துக்கு இது சாகிற வயசே இல்லை. பாலத்தின் நிலைமை சரியில்லை என்று உள்ளூர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். புதுப் பாலத்துக்கு ஒப்புதலும் கிடைத்திருந்தது. ஆனால் பழைய பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. விபத்துக்குப் பிறகு நான்கு பொறியாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

இந்த மாதிரி செய்தியை நாங்கள் போடும்போதெல்லாம் கமென்ட்டில் யாராவது ஒருத்தர் தவறாமல் கேட்பார்: ஜப்பான்ல இப்படி நடக்குமா?

நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஜப்பான் என்ன செய்தது, அதை வேறு நாடுகளுக்கு எப்படிச் சொல்லித்தருகிறது, அதில் நமக்கு என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை

2012 டிசம்பர் 2. டோக்கியோவுக்கு மேற்கே, யமனாஷி மாகாணத்தில் சசாகோ சுரங்கப்பாதை. 4.7 கிலோமீட்டர் நீளம், 1977-ல் திறந்தது. உள்ளே காற்றோட்டத்துக்காக, சாலைக்கு மேலே கான்கிரீட் பலகைகளால் ஒரு கூரை அமைத்திருந்தார்கள். ஒவ்வொரு பலகையும் ஒரு டன்னுக்கு மேல் எடை. அவற்றைத் தாங்கியவை சுரங்கத்தின் உச்சியில் துளை போட்டுப் பசை வைத்து ஒட்டிய போல்ட்டுகள். அன்று காலை போல்ட்டுகள் கழன்று, 130 மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கூரை அப்படியே சரிந்தது. 9 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்த விஷயம்தான் முக்கியம். இரண்டே மாதங்களுக்கு முன்பு, அந்த செப்டம்பரில், ஆய்வு நடந்திருந்தது. ஆனால் உச்சியில் இருந்த போல்ட்டுகளை யாரும் அருகில் போய்த் தட்டிப் பார்க்கவில்லை. கீழே இருந்தபடி கண்ணால் பார்த்ததோடு சரி. 2000-க்குப் பிறகு 12 வருடங்களாக அந்த இடத்தில் சுத்தியலே படவில்லை.

சுத்தியலா? ஆமாம், சாதாரணச் சுத்தியல்தான். மண்பானை வாங்கும்போது நம்ம பாட்டி விரலால் தட்டிப் பார்ப்பாரே, அதே வேலைதான். 'டங்' என்று கணீரென்று கேட்டால் பானை நன்றாக இருக்கிறது. சத்தம் செத்துப்போய்க் கேட்டால் எங்கோ விரிசல். கொத்தனாரும் டைல்ஸை இப்படித்தான் தட்டிப் பார்ப்பார். கான்கிரீட்டும் போல்ட்டும் இப்படித்தான் பேசும். உள்ளே பிளவு இருந்தால் சத்தம் மாறும். அதைக் கேட்டுச் சொல்ல, பழகிய காது ஒன்று வேண்டும்.

சரி, பாலத்துக்குள்ளே அப்படி என்னதான் கெட்டுப்போகிறது? பெரும்பாலும் வில்லன் தண்ணீர்தான். மேம்பாலத்தில் போகும்போது 'தடக் தடக்' என்று ஒரு குலுக்கல் வருமே, அது எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். வெயிலில் பாலம் விரிவதற்காக விட்டிருக்கும் இடைவெளி. அதன் ரப்பர் கிழிந்தால் மழைநீர் கீழே இறங்கும். கீழே இருப்பது பேரிங், அதாவது மேல்தளத்தின் எடையைத் தூணுக்கு இறக்கிவைக்கும் பகுதி. அது நனைந்து கெட ஆரம்பிக்கும். கான்கிரீட் விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஒரு ரப்பர் பட்டையில் தொடங்கிய கதை, தூண் வரைக்கும் போகும். மேலே வண்டி ஓட்டுகிறவருக்கு எதுவுமே தெரியாது. தார் ரோடு வழவழவென்றுதான் இருக்கும்.

சாவு நடந்த பிறகுதான் சட்டம்

ஜப்பானுக்கு 2007-லேயே எச்சரிக்கை மணி அடித்திருந்தது. அந்த வருடம் ஜூனில் மியே மாகாணத்தில், கிசோ நதி மேல் இருக்கும் நெடுஞ்சாலைப் பாலத்தின் சாய்வு எஃகுச் சட்டம் ஒன்று முறிந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்த பகுதியில், கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடித்து முறிந்திருந்தது. யாரும் சாகவில்லை. நாடு முழுக்கக் கட்டாய ஆய்வுச் சட்டமும் உடனே வரவில்லை.

சசாகோவுக்குப் பிறகு வந்தது. 2013-ல் சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வருடத்தையே பராமரிப்பின் முதல் ஆண்டு என்று அறிவித்தார்கள். 2014-லிருந்து, 2 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒவ்வொரு பாலத்தையும், ஒவ்வொரு சுரங்கத்தையும் 5 ஆண்டுக்கு ஒரு முறை கை தொடும் தூரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது கட்டாயம். பார்த்துவிட்டு 1 முதல் 4 வரை நிலை கொடுக்க வேண்டும். 4 என்றால் அவசரம். நாடு முழுக்க ஏறத்தாழ 7.3 லட்சம் பாலங்கள். அவற்றில் பெரும்பகுதி சின்னச் சின்ன நகராட்சிகள், கிராமங்களின் கையில் இருப்பவை. பாலப் பொறியாளர் ஒருத்தர்கூட இல்லாத ஊர்களும் அதில் உண்டு. முதல் சுற்று 2018-ல் முடிந்தபோது, சுமார் 10 சதவீதப் பாலங்களுக்குச் சீக்கிரமே பழுதுபார்ப்பு தேவை என்று தெரியவந்தது. ஜப்பானில்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1967 டிசம்பரில் ஓஹையோ நதியில் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்த பிறகுதான், நாடு தழுவிய பால ஆய்வு விதிகள் 1971-ல் வந்தன.

எல்லா நாடும் இந்தப் பாடத்தைப் பிணங்களை எண்ணித்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. நாடுகளுக்கு இடையிலான தொழில்நுட்ப ஒத்துழைப்பு என்று ஏதோ அலுப்பூட்டும் அரசாங்க வார்த்தை மாதிரி கேட்கிற விஷயத்தை நான் முக்கியமாக நினைப்பது இதனால்தான். அடுத்தவர் பிணம் எண்ணிக் கற்ற பாடத்தை, நாம் எண்ணாமலே வாங்கிக்கொள்ள முடிகிற வழி அது ஒன்றுதான்.

ஒத்துழைப்புன்னா என்ன? கடன் இல்லையா?

ஜைக்கா என்ற பெயர் நமக்குப் புதுசு இல்லை. சென்னை மெட்ரோவுக்குக் கடன் கொடுத்த, மதுரை எய்ம்ஸ் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட, ஜப்பான் அரசின் சர்வதேசக் கூட்டுறவு முகமை. அது மூன்று விதமாக உதவி செய்கிறது. ஒன்று, குறைந்த வட்டிக் கடன். இரண்டு, திருப்பித் தர வேண்டாத மானியம். மூன்றாவதுதான் தொழில்நுட்ப ஒத்துழைப்பு. இதில் பணத்துக்குப் பதில் ஆட்கள் வருவார்கள். ஜப்பானியப் பொறியாளர்கள் அந்த நாட்டுச் சாலைத் துறையோடு சில வருடங்கள் சேர்ந்து வேலை பார்ப்பார்கள். உள்ளூர்ப் பொறியாளர்களோடு பாலத்துக்கு அடியில் இறங்கித் தட்டுவார்கள், படம் எடுப்பார்கள், படிவம் நிரப்புவார்கள், கையேடு எழுதுவார்கள். கிர்கிஸ்தான், லாவோஸ், ஜாம்பியா, பிலிப்பைன்ஸ் எனப் பல நாடுகளில் நடந்திருக்கிறது. 2017-ல் இதற்கென்றே ஒரு தனித் தளத்தை ஜைக்கா தொடங்கியது. அதன் வழியே வெளிநாட்டுப் பொறியாளர்கள் ஜப்பான் பல்கலைக்கழகங்களில் சாலை, பாலப் பராமரிப்பைப் படிக்கிறார்கள்.

இதில் ரிப்பன் வெட்டும் விழா கிடையாது. அமைச்சர் போட்டோவும் கிடையாது. அதனாலேயே செய்தியும் கிடையாது. (எங்கள் டெஸ்க்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திறப்பு விழாவுக்கு லைவ் போடுவோம். பேரிங் மாற்றினால் அது போக்குவரத்து மாற்றம் என்று நான்கு வரிச் செய்தி.)

மட்டாடி: விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை, ஆப்பிரிக்காவில் காங்கோ ஜனநாயகக் குடியரசில் இருக்கிறது.

மட்டாடி, காங்கோ நதியின் கீழ்ப்பகுதியில் இருக்கும் துறைமுக ஊர். அங்கே நதியின் குறுக்கே 722 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்கு பாலம். நடுத் தூண்களுக்கு இடையில் மட்டும் 520 மீட்டர். ஜப்பானின் கடனில், ஜப்பானிய நிறுவனங்கள் கட்டி 1983-ல் முடித்தன. அப்போது அந்த நாட்டின் பெயர் ஜயர். ஆட்சி செய்தவர் மொபுட்டு. பாலத்துக்கும் அவர் பெயர்தான். பனானா என்ற இடத்தில் பெரிய துறைமுகம் வரும், அங்கிருந்து தலைநகர் கின்ஷாசாவுக்கு ரயில் போகும் என்பது திட்டம். அதனால் ரயிலுக்கும் சேர்த்தே பாலத்தை வடிவமைத்தார்கள். ரயில் வரவே இல்லை.

வழக்கமாக இங்கேதான் இந்தக் கதைகள் முடியும். பெரிய கடன், வராத ரயில், சர்வாதிகாரி பெயரில் ஒரு பாலம், அப்புறம் துரு. 1991-ல் கின்ஷாசாவில் கலவரமும் கொள்ளையும் வெடித்தன. ஜப்பானின் உதவி நின்றது, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். 1997-ல் மொபுட்டு வீழ்ந்தார். இரண்டு போர்கள் நாட்டைச் சின்னாபின்னமாக்கின. ஜைக்கா அலுவலகம் மீண்டும் திறந்தது 2007-ல்தான்.

திரும்பி வந்து பார்த்தால், பாலம் நன்றாக இருந்தது.

காரணம், பாலத்துக்குப் பொறுப்பான ஓஇபிகே என்ற உள்ளூர் அரசு அமைப்பு. அதன் பொறியாளர்கள் கட்டுமானத்தின்போது ஜப்பானியர்களோடு வேலை செய்தவர்கள். கற்றுக்கொடுத்தவர்கள் ஊரைவிட்டுப் போன பிறகும், கையேட்டில் இருந்தபடி ஆய்வு செய்துகொண்டே இருந்தார்கள். பெயின்ட் அடித்தார்கள். பணம்? பாலத்தைக் கடக்கும் வண்டிகளிடம் வாங்கிய சுங்கக் கட்டணம். அரசாங்கமே ஆட்டம் கண்ட காலத்தில், அந்தப் பாலத்துக்கு மட்டும் ஒரு பொறுப்பாளரும், ஒரு கல்லாவும், வேலை தெரிந்த ஆட்களும் இருந்தார்கள்.

இதைத் தன்னம்பிக்கைக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடலாம், ஆனால் அது பாதி உண்மைதான். தொங்கு பாலத்தின் உயிர் அதன் முதன்மைக் கேபிள்கள். ஆயிரக்கணக்கான எஃகு இழைகளைக் கட்டாகச் சுற்றி மூடியிருப்பார்கள். உள்ளே ஈரம் தங்கினால் வெளியே பெயின்ட் அடித்துப் பிரயோஜனம் இல்லை. 2010-களில் ஜப்பானியப் பொறியாளர்கள் கேபிளைத் திறந்து ஆராய்ந்து, உள்ளே உலர்ந்த காற்றைத் தொடர்ந்து செலுத்தும் கருவியைப் பொருத்தினார்கள். ஜப்பானின் அகாஷி கைக்யோ பாலத்துக்காக உருவாக்கிய தொழில்நுட்பம் அது. ஆக, உள்ளூர்க்காரர்களால் பெயின்ட் அடிக்க முடிந்தது. கேபிளுக்குள்ளே போக வெளி ஆள் தேவைப்பட்டார். ஆனால் அந்த வெளி ஆள் வரும்வரை பாலம் உயிரோடு இருந்ததே, அதற்குக் காரணம் உள்ளூர் ஆட்கள்தான்.

கையேடு மட்டும் இருந்தால்?

பிலிப்பைன்ஸில் நிலைமை வேறு மாதிரி. அந்த நாட்டுப் பொதுப்பணித் துறையோடு ஜைக்கா 2007-லிருந்து மூன்று கட்டங்களாக வேலை செய்தது. திட்டத்தின் பெயரே சாலை, பாலங்களின் கட்டுமானம் மற்றும் பராமரிப்புத் தரத்தை மேம்படுத்துவது. உண்மையான உழைப்பு, பயனும் இருந்திருக்கும்.

ஆனால் 2025 பிப்ரவரி 27 அன்று, அதே துறை இசபெலா மாகாணத்தில் கட்டிய கபகன்–சான்டா மரியா பாலத்தின் ஒரு பகுதி விழுந்தது. வேலைகள் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பாறை ஏற்றிய லாரி ஒன்று போனபோது சரிந்தது. பாலத்தின் வரம்பு 45 டன், லாரி 100 டன்னைத் தாண்டியது. நேரில் பார்த்த அதிபர் மார்கோஸ், வடிவமைப்பிலேயே கோளாறு என்றார். அதே வருடத்தின் பிற்பகுதியில், வெள்ளத் தடுப்புப் பணிகளில் நடந்த ஊழலுக்காக அந்தத் துறையே நாடு முழுக்க நாறியது.

வெளிநாட்டு நிபுணர் சுத்தியலைப் பிடிக்கச் சொல்லித்தரலாம். எடைமேடையில் லஞ்சம் வாங்காதே என்று அவரால் சொல்லித்தர முடியாது. டெண்டரை ஒழுங்காக விடு என்றும் சொல்ல முடியாது. ஒத்துழைப்பின் எல்லை இவ்வளவுதான் என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

சரி, நம்ம கதை?

இந்தியாவில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2016 அக்டோபரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தியப் பால மேலாண்மை அமைப்பைத் தொடங்கியது. ஒவ்வொரு பாலத்துக்கும், ஆதார் மாதிரி, ஒரு தனி அடையாள எண். நிலைமையைக் காட்ட ஒரு மதிப்பெண். லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களைக் கணக்கெடுத்தார்கள். அதே 2016-ல் மலைப்பகுதி நெடுஞ்சாலைகளுக்கான திறன் வளர்ப்புத் திட்டம் ஒன்றையும் ஜைக்காவோடு சேர்ந்து தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டுக்கும் வெளியிலிருந்து யோசனைகள் வந்திருக்கின்றன. 2003-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டம் தொடங்கியது. செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தமும் இப்படி வந்த யோசனைதான். ஒட்டுப்போட்ட பள்ளத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல், ஐந்து வருடம் சாலை நல்ல நிலையில் இருந்தால் மாதாமாதம் பணம், இல்லாவிட்டால் பிடித்தம் என்பது இதன் அடிப்படை. அர்ஜென்டினா 1990-களில் பெரிய அளவில் செய்தது, உலக வங்கி பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. நம்ம ஊரில் முதலில் பொள்ளாச்சிக் கோட்டத்தில் முயன்றார்கள், பிறகு வேறு கோட்டங்களுக்கும் போனது. நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: சாலையில் பள்ளம் விழுந்தால் நாலு பேர் ட்வீட் போடுவார்கள், ஒப்பந்ததாரர் ஓடி வருவார். பாலத்துக்கு அடியில் பேரிங் நசுங்கினால் யார் ட்வீட் போடுவது?

கம்பீராவில் பிரச்னை அங்கேதான் இருந்தது. தளத்தைத் தாங்கும் பீடமும் இணைப்புப் பகுதியும் நசுங்கியதே காரணம் என்று முதற்கட்ட விசாரணை சொன்னது. தார் மேல் நின்று பார்த்தால் தெரிகிற இடம் இல்லை அது.

மட்டாடியோடு ஒப்பிட்டால் நமக்கு எது குறைச்சல்? அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐஐடிகள் இருக்கின்றன. பணமும் காங்கோவைவிடப் பல மடங்கு அதிகம். இல்லாதது, ஒரு பாலத்தை 'என் பாலம்' என்று சொல்ல ஒரு ஆள். மூன்று வருடத்தில் டிரான்ஸ்ஃபர் ஆகிற பொறியாளர், பயிற்சியில் கற்றதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வேறு பிரிவுக்குப் போய்விடுகிறார். அடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். சுங்கச்சாவடியில் நாமும் ஃபாஸ்டேக்கில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அதில் எவ்வளவு எந்தப் பாலத்தின் ரப்பர் பட்டைக்குப் போகிறது என்று கேட்டால், சாமானியனுக்குப் பதில் கிடைக்கிற மாதிரி எந்தக் கணக்கும் இல்லை.

இன்னொன்று, ஆய்வு முடிவு. ஜப்பானில் எந்தப் பாலத்துக்கு என்ன நிலை என்று ஒவ்வொரு வருடமும் வெளியிடுகிறார்கள். அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களின் விவரத்தை யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்யலாம். வெளியிட்டால் மட்டும் போதாது என்பதும் உண்மைதான். 2007-ல் விழுந்து 13 பேரைக் கொன்ற மினியாபோலிஸ் பாலம், 1990-லிருந்தே குறைபாடுள்ள பாலங்களின் பட்டியலில் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தும் விழுந்தது. பழைய வடிவமைப்பில் இணைப்புத் தகடுகளின் தடிமன் குறைவு என்ற தவறு, எந்த ஆய்வுப் படிவத்திலும் கேட்கப்படாத கேள்வி. ஆனாலும் தெரிந்து கேள்வி கேட்பதும், தெரியாமலே வண்டி ஓட்டுவதும் ஒன்றில்லை. இந்தியப் பால மேலாண்மை அமைப்பின் மதிப்பெண்ணை, நம் போனில் மேப்பில் பாலத்தைத் தொட்டால் தெரிகிற மாதிரி செய்ய என்ன தடை? கடைசியாக ஆய்வு செய்த தேதியைப் பாலத்தின் தொடக்கத்தில் ஒரு போர்டில் எழுதலாமே. லிஃப்டில் எழுதி வைக்கிறார்கள், தீயணைப்பான் சிலிண்டரில்கூட எழுதி ஒட்டுகிறார்கள்.

இப்போது அசாமின் துப்ரியையும் மேகாலயாவின் புல்பாரியையும் இணைத்து, பிரம்மபுத்திரா மேல் சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் கட்டுமானத்தில் இருக்கிறது. ஜைக்கா கடன்தான். முடிந்ததும் திறப்பு விழா நடக்கும், ட்ரோன் ஷாட் வரும், நாங்களும் ரீல்ஸ் போடுவோம். 2065-ல் அதற்கும் 40 வயது நெருங்கும், கம்பீராவுக்கு ஆன வயது. அன்றைக்கு அதன் பேரிங்கைத் தட்டிப் பார்க்கப் போகிற பொறியாளர் இன்னும் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்ந்திருக்க மாட்டார். அவருக்கு யார் சொல்லித்தரப் போகிறார்கள், அவர் சம்பளமும் சாரமும் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதிலை, கடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஜப்பானியப் பொறியாளர்கள் பக்கத்தில் இருக்கும்போதே எழுதிவைத்தால் என்ன?